நாலாயிரத்து நூற்று இருபத்தைந்து சதவீதம்

பட்டறையில் எல்லாரும் அவளை முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் சொட்டக்கா என்பார்கள். தலையில் முடிக்கு ஒன்றும் குறைவில்லை. நாற்பத்தாறு வயதிலும் கொண்டை கைக்கு அடங்காது. பெயர் வந்தது தண்ணீர்ச் சொட்டால். வாசலில் நின்று ஆர்டர் பேசிக்கொண்டிருப்பாள், உள்ளே எங்கோ ஒரு குழாய் ஒழுகும், அது அவள் காதுக்கு மட்டும் கேட்டுவிடும். வந்தவரை அப்படியே நிற்கவைத்துவிட்டு உள்ளே போய்க் குழாயை முறுக்கிவிட்டு வந்துதான் மீதிப் பேச்சு. கஞ்சம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அந்தக் கஞ்சத்தனத்தால்தான் பதினேழு வருஷமாகப் பட்டறை ஓடுகிறது என்பது அவள் கட்சி.

பதினாலு பேர் இரண்டு செட்டாக வேலை செய்யும் நிக்கல் முலாம் பட்டறை அது. சூட்கேஸ்களில் மாட்டுகிற பூட்டு, வளையம், மூலைத் தகடு எல்லாம் மங்கலாக வரும், பளபளவென்று திரும்பிப் போகும். சாமான்களை இரும்புச் சட்டத்தில் வரிசையாக மாட்டி நிக்கல் தொட்டியில் முக்குவார்கள். எடுத்ததும் மூன்று தண்ணீர்த் தொட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாக அலசுவார்கள். சூட்சுமம் அங்கேதான் இருந்தது. மூன்று தொட்டிகளையும் செங்கல் அடுக்கிப் படிப்படியாக உயர்த்தி வைத்திருந்தாள். குழாய்த் தண்ணீர் கடைசித் தொட்டியில் மட்டும் விழும். அது நிரம்பி நடுத்தொட்டிக்கு வழியும், நடுத்தொட்டி நிரம்பி முதல் தொட்டிக்கு வழியும். மூன்று தொட்டிக்கு ஒரே குழாய். அதற்கும் முன்னால், நிக்கலிலிருந்து தூக்கிய சட்டத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து ஆறு எண்ண வேண்டும். நேராகப் பிடித்தால் பன்னிரண்டு எண்ணினாலும் சரியாக வடியாது. சாய்த்துப் பிடித்தால் எல்லாம் ஒரு மூலைக்கு வந்து ஆறுக்குள் வடிந்துவிடும். நிக்கலும் தொட்டிக்கே திரும்பும், அலசுகிற தண்ணீரும் சீக்கிரம் கெடாது. இதை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. விலை கொடுத்து வாங்கிய சரக்கு சாக்கடையில் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் கண்டுபிடித்தது.

தொட்டி அவள் பொறுப்பு, வண்டியும் வெளிவேலையும் அவள் தம்பி பொறுப்பு. பத்து நாள் வேலையில் எட்டு நாள் வேலை ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. நாலைந்து நாடுகளில் கடை வைத்திருக்கிற பெரிய பெட்டிக் கம்பெனி அது. சரக்குக் கொடுக்கிறவர்கள் அத்தனை பேரும் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று ஒரு நாள் அங்கிருந்து கடிதம் வந்தது.

கூடத்தில் குளிர் எலும்பைத் தொட்டது. முன்வரிசையில் பெரிய ஆலைக்காரர்கள், ஆளுக்கொரு பெயர்ப்பலகை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். பின்வரிசையில் சின்னப் பட்டறைக்காரர்கள்: நூலுக்குச் சாயம் போடுகிறவர், கைப்பிடி வார்க்கிறவர், பெட்டிக்குள் துணி ஒட்டுகிறவர் என்று பதினோரு பேர், இவளோடு பன்னிரண்டு. முன்வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவர் வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா புருஷன். நானூறு பேர் வேலை செய்யும் முலாம் ஆலைக்கு முதலாளி. கொழுந்தியாளைக் கண்டதும் அங்கிருந்தே எழுந்து நின்று கையை ஆட்டினார். கூடமே திரும்பி அவளைப் பார்த்தது.

கம்பெனியின் கொள்முதல் மேலாளர் முப்பத்தைந்து வயதுப் பெண்மணி. குரலை உயர்த்தாமல், தெளிவாக, மரியாதையாகப் பேசினாள். இது பசுமைக் கூட்டு முயற்சி என்றாள். கம்பெனியும் சரக்குக் கொடுக்கிறவர்களும் கைகோத்துத் தண்ணீர்ச் செலவைக் குறைக்கப் போகிறோம். எஞ்சினியர்களை நாங்கள் அனுப்புவோம், மீட்டரை நாங்களே மாட்டுவோம் என்றாள். முதலில் மூன்று மாதம் யார் யார் எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று அளப்பார்கள். அளவு முடிந்து ஆறாவது மாதத்துக்குள் அதில் கால்வாசி குறைக்க வேண்டும். குறைத்தவர்களுக்கு மூன்று வருஷத்துக்கு நிச்சயமான ஆர்டர். குறைக்காதவர்களின் வேலை குறைத்தவர்களுக்குப் போய்விடும்.

முன்வரிசை கைதட்டியது. பின்வரிசையில் சாயக்காரர் மெதுவாக, நாங்கள் எதைக் குறைப்பது என்று கேட்டார். மைக் வேலை செய்யாததால் மேடைக்கு அது எட்டவில்லை.

வண்டியில் திரும்பும்போது தம்பி பொரிந்து தள்ளினான். "மொட்டையடிச்சவன்கிட்ட போய்க் கால்வாசி முடியைக் குறைன்னா, அவன் எதைக்கா வெட்டுவான்?"

எஞ்சினியர்கள் இருவர் சொன்னபடி வந்தார்கள். பத்து மணிக்கு வந்து பதினொன்றுக்குப் போய்விட்டார்கள். செங்கல் படியையும் தொட்டிகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே குறைக்க ஒன்றுமே இல்லையே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், போட்டோ பிடித்துக்கொண்டார்கள். படிவத்தில் தண்ணீர் அதிகாரி, சுற்றுச்சூழல் அதிகாரி, பாதுகாப்பு அதிகாரி என்று ஐந்து கையெழுத்துக்கு இடம் இருந்தது. ஐந்திலும் அவளே போட்டாள். அதே எஞ்சினியர்கள் அத்தானுடைய ஆலையில் மூன்று வாரம் தங்கி வேலை பார்த்தார்கள் என்று அக்கா போனில் சொன்னாள். பெரிய இடத்தில்தானே எடுக்க எடுக்க வரும்.

தம்பி ஒரு குறுக்கு வழி யோசித்துக்கொண்டு வந்தான். அளவு எடுக்கிற மூன்று மாதமும் குழாயைத் தாராளமாகத் திறந்து விடுவது. அதற்குப் பிறகு பழையபடி மூடிவிடுவது. தாளில் பார்த்தால் கால்வாசி குறைந்த மாதிரி இருக்கும். கேட்டதும் அவள் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். இரண்டு நாள் திட்டினாள். மூன்றாம் நாள் பதினாலு பேரின் முகமும் கண்ணில் வந்து நின்றது. பட்டறை மூடினால் இவர்களை யார் எடுப்பார்கள்? கடைசியில் எல்லாரையும் கூப்பிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே, மூன்று மாதத்துக்குத் தண்ணீரைத் திறந்து விடுங்கள், சட்டத்தைச் சாய்க்கவும் வேண்டாம், எண்ணவும் வேண்டாம் என்று சொன்னாள். சொல்லிவிட்டு வங்கி வேலை என்று வெளியே கிளம்பிவிட்டாள். அந்த மூன்று மாதமும் தொட்டிப் பக்கம் போவதையே தவிர்த்தாள். வீணாகிற தண்ணீரைக் கண்ணால் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

அளவு முடிந்து தாள் வந்தது. பட்டறை வழக்கமாக மாதத்துக்கு இருபத்து நாலாயிரம் லிட்டர் பிடிக்கும். தாளில் இருபதாயிரம் என்று இருந்தது.

கூடியிருக்க வேண்டியது குறைந்திருந்தது. தாளைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போனாள். மீட்டருக்கு மேலே சுவர் முழுக்கச் சாக்பீஸ் கிறுக்கல். இடப் பக்கம் காலை செட், வலப் பக்கம் மாலை செட். ஒவ்வொரு நாளும் யார் எத்தனை லிட்டரில் முடித்தார்கள் என்று எழுதி, குறைவாகப் பிடித்தவர்களுக்கு ஒரு நட்சத்திரம் வேறு போட்டிருந்தார்கள். காலை செட்டின் தலைவியைப் பட்டறையில் கண்ணாடிக்காரி என்பார்கள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"திறந்துதான்க்கா விட்டோம்" என்றாள் கண்ணாடிக்காரி. "ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு நிப்போம், கை தானாப் போய் மூடிடும். அதுல இந்த மீட்டரு வேற கண்ணு முன்னாடி ஓடுது. சாயங்கால செட்டு நம்மளை விடக் கம்மியா ஓட்டறான்னா எப்படிச் சும்மா இருக்கறது?"

சொட்டக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது, ஏறின வேகத்தில் இறங்கியும் விட்டது. திட்டலாம் என்று வாயைத் திறந்தால் சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுகை வந்தது. பதினேழு வருஷம் இதைத்தானே இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம், ஒரே நாளில் மறக்கச் சொன்னால் எப்படி மறப்பார்கள் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேல்தான் வெட்கமாக இருந்தது. தம்பி மட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டு வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். இனி அந்த இருபதாயிரத்திலிருந்து ஐயாயிரத்தைக் குறைத்தாக வேண்டும். குறைத்தால் பூட்டில் கறை விழும். வெறுங்கையால் முழம் போடு என்றால் போட முடியுமா?

மூன்று மாதம் தலைகீழாக நின்று பார்த்தார்கள். இரண்டு சதவீதம் குறைந்தது.

நாலாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் வீட்டுக்கு வந்தார்கள். அத்தானுக்கு வாய் நிறையச் சிரிப்பு. ஆலையில் முப்பத்தெட்டு சதவீதம் குறைந்துவிட்டதாம். எப்படி என்று கேட்டதற்கு அவர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். "பெரிசா ஒண்ணுமில்ல. ஒழுகற குழாயை மாத்தினோம். சாப்பாட்டு நேரத்துல மூடிட்டுப் போகச் சொன்னோம். அவ்வளவுதான்."

இத்தனை வருஷம் சாப்பாட்டு நேரத்தில் திறந்தே கிடந்ததா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அதுவும் குறைத்த பிறகு எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்தால், ஒரு நாளைக்கு மூன்று லட்சம் லிட்டர். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பது இதுதான்.

அத்தான் டீயை உறிஞ்சிவிட்டு, வந்த விஷயத்துக்கு வந்தார். பட்டறையை மூட வேண்டி வந்தால் கவலைப்பட வேண்டாம், பதினாலு பேரையும் தன் ஆலையிலேயே எடுத்துக்கொள்கிறேன், மேற்பார்வை வேலை கொழுந்தியாளுக்குத்தான் என்றார். மனுஷர் நல்ல மனசோடுதான் சொன்னார். நல்ல மனசோடு சொன்னதால்தான் அவளுக்கு இன்னும் வலித்தது. அக்கா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "காரமெல்லாம் சரிதான் மாப்பிள்ளை, மூட்டைக் கணக்குல வாங்கறவன் கடுகை ஒண்ணொண்ணா எடுத்துக் கடிச்சாப் பார்ப்பான்?" என்று அத்தான் முடித்துவிட்டார்.

அவர்கள் போனதும் சொட்டக்கா பீரோவிலிருந்து கம்பெனி கொடுத்த விதிப் புத்தகத்தை எடுத்தாள். அறுபத்திரண்டு பக்கம். பெரிய ஆலைகளில் அதைப் படிக்க ஒரு அதிகாரி இருப்பார், அவர் சுருக்கத்தை மட்டும் முதலாளிக்குச் சொல்வார். இங்கே ஐந்து அதிகாரியும் அவளே என்பதால் மொத்தத்தையும் அவளே படிக்க வேண்டியிருந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒன்பதாம் விதியைப் படித்தாள், திரும்பப் படித்தாள், தம்பியைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னாள். சரக்குக் கொடுக்கிறவர் ஒருவர், இன்னொருவருடைய இடத்துக்குப் போய்த் தண்ணீரைக் குறைத்துக்கொடுக்கலாம். இரு பக்கமும் கையெழுத்துப் போட்டிருந்தால், மிச்சமான லிட்டர் வேலை செய்தவர்களின் கணக்கில் சேரும்.

பெரியவர்கள் சின்னவர்களுக்கு உதவட்டும் என்று எழுதிய விதி அது. சின்னவர்கள் பெரிய இடத்துக்குப் போவார்கள் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

அவள் விரல் விட்டு எண்ணினாள். அத்தான் ஆலையில் ஆறு வரிசை. ஒரு வரிசைக்கு நாளைக்கு ஐம்பதாயிரம் லிட்டர். வரிசைக்கு மூன்று அலசு தொட்டி, மூன்றுக்கும் தனித்தனிக் குழாய், மூன்றும் திறந்தே ஓடும். அதில் இரண்டை மூடினால் ஒரு நாளைக்கே முப்பத்து மூவாயிரம் மிச்சம், மாதத்துக்கு இருபத்தைந்து வேலை நாள். அவளுக்கு மாதம் முழுக்கச் சேர்த்துத் தேவைப்பட்டதே ஐயாயிரம்தான். அத்தான் ஆலையில் அது ஒரு காலை நேரத்துச் சமாசாரம்.

மறுநாளே தாளும் பேனாவுமாகப் போய் அத்தானுடைய அறையில் உட்கார்ந்தாள். அவர் படித்துப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானூறு பேர் ஆலைக்குப் பதினாலு பேர் பட்டறை வந்து குழாய் மாட்டப் போகிறதா என்றார். சிரித்து முடித்ததும் வியாபாரி ஆகிவிட்டார்.

"எல்லாம் சரி. நீ தோத்தா உன் ஆர்டர் எனக்கு வருது. நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

சுற்றி வளைக்காமல் கேட்டது அவளுக்குப் பிடித்திருந்தது. அவளும் சுற்றி வளைக்கவில்லை.

"என் ஆர்டர் மொத்தமும் உங்க ஒரு வரிசைக்கு ஒரு நாள் வேலை, அத்தான். வந்தாலும் உங்களுக்குத் தெரியாது, போனாலும் தெரியாது. இந்தத் தண்ணி அப்படியில்ல. ஒரு வரிசையை மட்டும் என்கிட்ட குடுங்க, இந்தப் பரீட்சை முடியற வரைக்கும் அது என் கணக்குல இருக்கட்டும். மிச்ச அஞ்சையும் அதே மாதிரி நீங்களே மாத்திக்கோங்க. அதுக்கு நான் ஒண்ணும் கேக்கல."

அவர் உதடு மட்டும் அசைந்தது. ஆறு வரிசைக்கு வருஷத்துக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இத்தனை வருஷமா இதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

கையெழுத்துப் போட்டார். ஆனால் ஆட்களைத் தர முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தம்பிக்கு மனசே ஆறவில்லை. கையில் இருந்த ஒரே வித்தையையும் போட்டிக்காரர் காலடியில் கொண்டுபோய் வைத்துவிட்டாளே என்று புலம்பினான். "வித்தைக்கும் இடம் வேணும்டா. நம்ம தொட்டியில அது குடத்துக் கணக்கு, அவர் தொட்டியில லாரிக் கணக்கு" என்றாள் அவள்.

ஆள் வேண்டுமே? பின்வரிசைக்காரர்களைக் கூப்பிட்டாள். அவர்களுக்கும் இதே கதிதான். ஒருவருக்கு மூன்று சதவீதம், ஒருவருக்கு ஒன்று, துணி ஒட்டுகிறவருக்குச் சுத்தமாகப் பூஜ்யம். எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி வந்தார்கள். அத்தானுடைய தொட்டிகள் ஒரே மட்டத்தில் சிமெண்டில் புதைந்திருந்தன, செங்கல் வைத்து உயர்த்த வழியில்லை. தண்ணீரைத் தொட்டிக்குத் தொட்டி தள்ளச் சின்ன பம்பு இரண்டு வாங்கினார்கள், கைப்பிடி வார்க்கிறவர் அவற்றுக்குத் தாங்கி வார்த்துக்கொண்டு வந்தார். பம்பு மாட்டுவதில் சாயக்காரர் கெட்டிக்காரர். துணி ஒட்டுகிறவர் வடிகட்டத் துணி தைத்தார். மற்றவர்கள் குழாய் அறுத்தார்கள், மண் தோண்டினார்கள், ஒரு வேலையும் தெரியாதவர் டீ வாங்கி வந்தார்.

அந்த வரிசையின் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். இயந்திரம் சட்டத்தைத் தூக்கி மூன்று விநாடியில் நகர்த்திவிடும், வடிய விட்டால் உற்பத்தி என்னாவது என்று கேட்டார். சொட்டக்கா எல்லாச் சட்டத்தின் கொக்கியையும் ஒரு கட்டைவிரல் அளவு வளைக்கச் சொன்னாள். சட்டம் தானாகச் சாய்ந்து தொங்கும், ஆறு விநாடி போதும், கூடுதலாக மூன்றே விநாடி என்றாள். முதல் நாளே ஓட்டிப் பார்த்தார்கள். அறுநூறு பூட்டு கறையோடு வந்தது. சூப்பர்வைசர் புன்னகை செய்தார். சொட்டக்கா ஒவ்வொரு சட்டமாகத் தானே போய்த் தொட்டுப் பார்த்தாள். மூன்று சட்டத்தில் கொக்கியை வளைக்காமல் விட்டிருந்தார்கள், அந்த மூன்றிலிருந்து வடியாமல் வந்த நிக்கல் முதல் தொட்டியைப் பச்சையாக்கியிருந்தது. வளைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பூட்டு கண்ணாடியாக வந்தது. ஐம்பதாயிரம் காட்டிய மீட்டர் பதினேழாயிரத்தில் நின்றது. அன்று பன்னிரண்டு பேரும் தாளின் பின்பக்கத்தில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

கடைசிக் கூட்டம் அதே கூடத்தில் நடந்தது. பெரிய திரையில் ஒவ்வொருவர் குறைத்த அளவையும் தூண் தூணாகக் காட்டுவதாக ஏற்பாடு. திரை ஒளிர்ந்ததும் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். ஒரே ஒரு தூண் உச்சிவரை போயிருந்தது, மற்ற நூற்று முப்பத்தொன்பதும் தரையோடு தரையாக நூல் கனத்தில் கிடந்தன. மீதி ஐந்து வரிசையில் இரண்டை அதற்குள் மாற்றி ஐம்பத்திரண்டு சதவீதம் எட்டியிருந்த அத்தான் தன் தூணைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டியிருந்தது. உயர்ந்த தூணுக்குக் கீழே சொட்டக்காவின் பட்டறை எண் இருந்தது, மேலே நாலாயிரத்து நூற்று இருபத்தைந்து என்று இருந்தது.

எங்கேயோ புள்ளி வைக்க மறந்துவிட்டார்கள் என்று முன்வரிசையில் யாரோ சொல்ல, கூடம் சிரித்தது. மேலாளர் சிரிக்கவில்லை. பின்வரிசைக்கு மைக்கைக் கொடுத்தனுப்பினாள். இந்த முறை அது வேலை செய்தது.

"உங்க பட்டறையோட மொத்தத் தண்ணியே மாசத்துக்கு இருபதாயிரம் லிட்டர்தான். அதுல எட்டேகால் லட்சம் எப்படிங்க மிச்சமாகும்?"

சொட்டக்கா எழுந்து நின்றாள்.

"என் பட்டறையில ஆகாதுங்க. அங்க மிச்சம் பண்ண ஒண்ணுமே இல்ல. அதான், இருக்கற இடத்துக்குப் போய் மிச்சம் பண்ணிட்டு வந்தேன்."

ஒன்பதாம் விதி, நாற்பத்தொன்றாம் பக்கம் என்றாள். மேடையில் புத்தகம் புரட்டப்பட்டது. கம்பெனி ஆட்கள் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். அத்தானைப் பார்த்து, இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்டார்கள். அவர் எழுந்தார். இப்போது ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் அந்தத் தூண் முழுக்க அவருடையது. கூடத்தில் இருந்த வியாபாரிகள் அத்தனை பேருக்கும் அது தெரியும். அவர் பின்வரிசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"என்னுதுதான். என் ஆலையில என் கண்ணு முன்னாடி செஞ்சாங்க. நான் வேடிக்கை பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மேலாளர் நேர்மையாகவே பேசினாள். ஒரு சின்னப் பட்டறை தன்னிடம் இருக்கிற அத்தனை தண்ணீரையும் நிறுத்தினாலும் கம்பெனியின் ஆண்டறிக்கையில் அது தெரியாது. அதனால்தான் எங்கள் எஞ்சினியர்கள் பெரிய இடத்துக்கே போனார்கள். சின்ன இடத்தில் இருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை என்றாள். விதி விதிதான், தண்ணீர் குறைந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம் என்றாள். பிறகு, "ஆனா உங்களுக்கு இருபத்தஞ்சு போதுமே. மிச்சம் நாலாயிரத்து நூறை என்ன பண்றது?" என்று கேட்டாள். பாதி வேடிக்கையாகத்தான் கேட்டாள்.

"வேலை செஞ்சவங்க கணக்குல சேரும்னுதானே போட்டிருக்கு? நான் ஒருத்தி செய்யலையே. தாளைத் திருப்பிப் பாருங்க."

மேலாளர் திருப்பினாள். முன்பக்கத்தை மட்டும் கணினியில் ஏற்றியிருந்தார்கள். பின்பக்கத்தில் பன்னிரண்டு கையெழுத்து இருந்தது, ஒன்று பெருவிரல் ரேகை. கைப்பிடி வார்க்கிறவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மேலாளர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டாள், அவர் தலையசைத்தார். லிட்டரைப் பன்னிரண்டாகப் பிரித்தார்கள். ஆளுக்கு அறுபத்தெட்டாயிரத்துச் சொச்சம் வந்தது. ஒவ்வொருவர் பிடிக்கிற தண்ணீரோடும் அதை வைத்துப் பார்த்து, மேலாளர் ஒவ்வொரு எண்ணாக மைக்கில் படித்தாள்.

திரையில் அந்த ஒற்றைத் தூண் கீழே இறங்கியது, பின்வரிசைக்காரர்களின் தூண்கள் ஒன்றொன்றாக மேலே வந்தன. துணி ஒட்டுகிறவர் தேறினார், கைப்பிடி வார்க்கிறவர் தேறினார். சாயக்காரர் சொட்டக்காவின் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அடுத்த மாதம் சாயத் தொட்டிகளை விற்றுவிடலாம் என்று வீட்டில் முடிவு பண்ணி, வாங்க வருகிறவருக்குத் தேதியும் கொடுத்திருந்தார். மேலாளர் அவருடைய எண்ணைப் படித்தாள். நூற்று முப்பத்தேழு சதவீதம், மூன்று வருஷ ஆர்டர் என்றாள்.

சாயக்காரர் சொட்டக்காவின் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

மேலாளர் இன்னொரு தடவை சொன்னாள்.